விண்ணப்பக் கட்டுரையும் பிறர் உதவியும்

மூன்றாமாண்டு மாணவன், தாவரவியல் துறை

நம் கல்லூரியில் சேர வந்த நாளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள், நண்பர்களே! மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, பெற்றோரில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, மரத்தடியில் வரிசையில் நின்றோம். தரவரிசையில் நம் எண் வந்ததும் உள்ளே போனோம், பணம் கட்டினோம், மாணவர் ஆனோம். "நீ யார்? இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய்?" என்று நம்மை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். நான் விரும்பியது கணிப்பொறி அறிவியல், கிடைத்தது தாவரவியல்.

ஆனால் உலகின் சில பகுதிகளில் இந்தக் கேள்விதான் கல்லூரி வாயிலிலேயே நிற்கிறது. அதற்கு ஒரு கட்டுரையால் விடை சொன்ன பிறகே கதவு திறக்கும். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் 'காமன் ஆப்' எனும் பொது விண்ணப்பத்தை ஏற்கின்றன. 1975இல் பதினைந்து தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது. அதில் ஏழு தலைப்புகள் தருகிறார்கள். ஒன்றைத் தேர்ந்து 250 சொற்களுக்குக் குறையாமலும் 650 சொற்களுக்கு மிகாமலும் மாணவன் தன்னைப் பற்றி எழுத வேண்டும். இங்கிலாந்தில் 'யூகாஸ்' என்ற பொது அமைப்பின் வழியே விண்ணப்பிப்போர் 4,000 எழுத்துகளுக்குள், இடைவெளிகளையும் சேர்த்து எண்ணி, தம் வரலாற்றைச் சொல்ல வேண்டும். 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அதையே மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: இப்பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய், இதுவரை படித்தது எவ்வாறு உன்னை ஆயத்தப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று. மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதுவதற்கு 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ்' என்று பெயர். நம் ஊர்ப் பிள்ளைகள் வாயில் அது எஸ்.ஓ.பி. ஐரோப்பாவில் அதையே 'மோட்டிவேஷன் லெட்டர்' என்கிறார்கள். பெயர் எதுவாயினும் கேள்வி ஒன்றுதான்.

நான் இதில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்வதற்கு முன், இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

நூறாண்டுகளுக்கு முன்புவரை அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளும் ஏறக்குறைய நம்மைப் போலத்தான் ஆள் எடுத்தன. நுழைவுத் தேர்வு எழுது, தேறினால் வா என்பதே முறை. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், குடியேறி வந்த யூதர்களின் பிள்ளைகள் அத்தேர்வுகளில் பெருவாரியாகத் தேறி உள்ளே வரத் தொடங்கினர். பழைய செல்வக் குடும்பங்களுக்கு இது உறுத்தியது. கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல் ஒரு புதிய விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தது. மதம் என்ன, தந்தை பிறந்த இடம் எது என்றெல்லாம் அதில் கேட்டார்கள். ஹார்வர்டில் 1922இல் யூத மாணவர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தனர். அதன் தலைவர் லோவெல் அந்த எண்ணிக்கைக்கு வெளிப்படையாகவே ஒரு வரம்பு கட்ட முயன்றார். பேராசிரியர் குழு அதை ஏற்கவில்லை. அதனால் 1926 வாக்கில் வேறு வழி கண்டார்கள்: மதிப்பெண் மட்டும் போதாது, 'குணநலன்' பார்க்க வேண்டும் என்றார்கள். குணநலனை எதைக்கொண்டு அளப்பது? நேர்காணல், பரிந்துரைக் கடிதம், தன்னைப் பற்றி மாணவனே எழுதும் எழுத்து, இவைதாம் அளவுகோல்கள். ஜெரோம் காரபெல் என்னும் சமூகவியல் அறிஞர் 2005இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

ஆக, சிலரை வெளியே நிறுத்துவதற்காக வளர்ந்த முறை இது. பின்னாளில் அதே முறை வேறு பயனையும் தந்தது. நிறத்தை வைத்துச் சேர்க்கை நடத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தபோதும், நிறம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று மாணவன் கட்டுரையில் எழுதினால் அதைக் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்று அத்தீர்ப்பே கூறியது. வாயிற்காவலனாக வைக்கப்பட்ட கட்டுரை, சிலருக்கு வழிகாட்டியும் ஆகியிருக்கிறது. இதை நல்லது என்பதா கெட்டது என்பதா? எனக்கு இன்னும் தெளிவில்லை. பட்டியலும் தரவரிசையும் கொண்ட நம் முறையில் யாரும் என்னைப் பிடிக்கவில்லை என்று ஒதுக்க முடியாது என்பதை மட்டும் இப்போது மதிக்கக் கற்றுக்கொண்டேன்.

இனி என் கதை.

ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் 'எராஸ்மஸ் முண்டஸ்' என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் முதுகலைப் படிப்பு. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ தருவார்கள், கல்விக் கட்டணமும் இல்லை. மூன்றாண்டுப் பட்டம் படிப்பவர்களும் இறுதியாண்டில் விண்ணப்பிக்கலாம். எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் வகுப்பில் இதைச் சொன்னபோது நாற்பது பேர் கேட்டோம். விண்ணப்பிக்கலாம் என்று துணிந்தவன் நான் ஒருவன்; வேதியியல் துறையில் என் நண்பன் ஒருவன்.

சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. கடிதம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பத்து நாள் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் ஒரு தடை என்றாலும் அதைவிடப் பெரிய தடை வேறு: என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? அப்பா லாரி பட்டறையில் வேலை, அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். இதைப் படித்து எந்த ஊர்ப் பேராசிரியர் மனம் இளகப் போகிறார் என்று நினைத்தேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்று உண்டு. நானும் நண்பனும் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், காபி. "எஸ்.ஓ.பி.யா? நாங்களே எழுதித் தந்துடுவோம் தம்பி. நாலு நாள்ல ரெடி" என்றார்கள். ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய். அம்மா பால் சொசைட்டிப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

நாலாம் நாள் கடிதம் வந்தது. என்ன அழகான ஆங்கிலம்! இரண்டு முறை அகராதி பார்த்தேன். சிறு வயது முதலே தாவரங்களின் மீது எனக்குத் தணியாத தாகமாம். புற்றுநோயால் என் தாத்தா என் கைகளிலேயே உயிர் துறந்தாராம். அன்றே அந்த நோய்க்கு மூலிகையில் மருந்து காண்பதென்று சூளுரைத்தேனாம். படித்து முடித்ததும் எனக்கே கண் கலங்கிற்று. பரிந்துரைக் கடிதம் வேண்டி எங்கள் பேராசிரியையிடம் போனபோது இதையும் பெருமையாக நீட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "உங்க தாத்தா எப்பப்பா தவறினாரு?" என்றார்.

"இல்லைங்க மேடம், அப்புச்சி நல்லா இருக்காருங்க. காலைலகூட திண்ணைல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு."

"அப்ப இதுல செத்துப்போனது யாரு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று மாலை நண்பனைத் தேடிப் போய் அவன் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவன் தாத்தாவும் அவன் கைகளிலேயே உயிர் துறந்திருந்தார்! முதல் பத்தி இரண்டும் ஒன்றே. தாவரம் என்ற இடத்தில் அவனுக்கு வேதிப்பொருள். இருவரும் ஒரே ஆண்டில், ஒரே கல்லூரியிலிருந்து.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கூத்து என்று எண்ண வேண்டாம். யூகாஸ் அமைப்பினர் 2007இல் ஐம்பதாயிரம் விண்ணப்பங்களைக் கணிப்பொறியில் இட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டு வயதில் ஏதோ சோதனை செய்து இரவு உடையில் ஓட்டை விழ எரித்துக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தனர். தளர்ந்த தாத்தா ஒருவரைப் பற்றி 175 பேர் எழுதியிருந்தனர். எல்லாம் இணையத்தில் கிடந்த மாதிரிக் கட்டுரைகளிலிருந்து எடுத்தவை. அதன் பிறகு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பழையவற்றோடு ஒப்பிட்டு, ஒத்திருந்தால் கல்லூரிக்குத் தெரிவிக்கும் வழக்கம் ஏற்பட்டது. தாத்தாக்கள் எல்லா நாட்டிலும் பாவம்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பிறர் உதவி பெறுவதே தவறா? அல்ல. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தான் எழுதியதன் குறையும் அப்படித்தான். எழுதியதை ஆசிரியரிடம் காட்டுவதை எந்தப் பல்கலைக்கழகமும் குற்றம் என்று சொல்லவில்லை. பொருளும் சொல்லும் யாரிடமிருந்து பிறந்தன என்பதைத்தான் பார்க்கிறார்கள். காமன் ஆப் படிவத்தில், இது என் சொந்தப் படைப்பு என்று மாணவன் கையொப்பமிட்டாக வேண்டும். 2023 முதல், செயற்கை நுண்ணறிவு எழுதியதன் சாரத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதையும் மோசடி என்றே அதன் விதியில் சேர்த்துவிட்டார்கள். யூகாஸும் அவ்வாறே எச்சரிக்கிறது.

அந்த இயந்திரத்தையும் நான் சோதித்துப் பார்த்தேன், மறைப்பானேன்? மாடி அலுவலகம் நாலு நாளில் தந்ததை அது நாலு விநாடியில், இலவசமாகத் தந்தது. அதிலும் தணியாத தாகம் இருந்தது. தாத்தா மட்டும் இல்லை.

உதவி என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்க்கு வழிகாட்ட ஆலோசகர்கள் உண்டு. 250 மாணவர்க்கு ஒருவர் வேண்டும் என்பது அவர்களுடைய சங்கத்தின் பரிந்துரை. நாடு முழுவதற்குமான சராசரியோ அதைவிடப் பல மடங்கு கூட்டத்தை ஒருவர் தலையில் சுமத்துகிற பள்ளிகளையும் உள்ளடக்கி, அந்த அளவுக்கு மேலேயே நிற்கிறது. வசதி படைத்தோர் தனியாக ஆள் அமர்த்திக்கொள்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 2016இல் விண்ணப்பித்த சுமார் 60,000 பேரின் 2,40,000 கட்டுரைகளை ஆராய்ந்து, 2021இல் சில அறிஞர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். குடும்ப வருமானத்தோடு 'எஸ்.ஏ.டி.' தேர்வு மதிப்பெண்ணுக்கு உள்ள தொடர்பைவிட, கட்டுரையின் பொருளுக்கு உள்ள தொடர்பு வலுவானது என்பதே அது. தேர்வு பணக்காரருக்குச் சாதகம், கட்டுரை ஏழைக்குச் சாதகம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது போலும்.

மறுநாள் பேராசிரியை என்னைத் துறை நூலகத்தில் உட்கார வைத்தார். எழுதித் தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவையே எடுக்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டார்.

"இந்த மூணு வருஷத்துல நீ தப்பாச் செஞ்ச காரியம் ஒண்ணு சொல்லு."

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். ஆனால் விடை உடனே வந்தது. இரண்டாமாண்டில் ஒவ்வொருவரும் செடிகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா? நான் கொடுத்தவற்றில் இரண்டு தாள்களுக்குக் கீழாநெல்லி என்று பெயரிட்டு, பில்லாந்தஸ் அமாரஸ் என்று எழுதியிருந்தேன். ஒன்றுதான் சரி. மற்றது பில்லாந்தஸ் யூரினேரியா. இரண்டிலும் இலை வரிசைக்கு அடியில் காய்கள் இருக்கும். பார்வைக்கு அக்கா தங்கை போலத் தோன்றும். முன்னதன் காய்க்குச் சிறு காம்பு உண்டு, மேற்புறம் வழவழப்பு. பின்னதன் காய் காம்பில்லாமல் தண்டோடு ஒட்டினாற்போல் இருக்கும், மேற்புறம் சொரசொரப்பு. சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பித் தந்தவர் இதே பேராசிரியைதான்.

"சரி, உங்க வீட்ல யாருக்காவது இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்குமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் அம்மாயி செவ்வாய்ச் சந்தையில் சாக்கு விரித்து மூலிகைக் கட்டு விற்பவர். மஞ்சள் காமாலைக்கென்று கீழாநெல்லி கேட்டு வருவோர் உண்டு. கட்டுப் போடும்போது கட்டைவிரலால் இலையின் அடியைத் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பாக இருந்தால் அது செங்கீழாநெல்லி, இந்தக் கட்டில் சேராது. சிறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து இதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். கல்லூரிக்கு வந்த பிறகு, சந்தை வழியாகப் போகும் பேருந்தில் நண்பர்கள் இருந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன். அம்மாயி அங்கே இருப்பதை மூன்றாண்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது இந்த மலரில் எழுதுகிறேன்.

பேராசிரியையிடம் அன்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப சொன்னதைத் தமிழ்லயே எழுதிட்டு வா. இங்கிலீஷைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

இதுதான் நான் பெற்ற பெரிய உதவி. தமிழில் எழுதும்போது 'தணியாத தாகம்' வரவில்லை. சந்தை வந்தது, சாக்கு வந்தது, சிவப்பு மை வந்தது. கைவிரல் அறிந்ததைப் புத்தகம் எப்படிச் சொல்கிறது, புத்தகம் சொல்லாததை விரல் எப்படி அறிந்தது என்று கற்க விரும்புகிறேன் என்று முடிக்கத் தோன்றியது. தாவர வகைப்பாட்டியலை மேலும் படிக்க அது போதுமான காரணம் என்றார் பேராசிரியை.

அதை நானே ஆங்கிலத்தில் ஆக்கினேன். பிழையோடுதான். ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பென்சிலால் மட்டும் திருத்தினார். பெரும்பாலும் 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்கள், காலம் மாறிய வினைகள். ஓரிடத்தில் ஒரு பெரிய சொல்லின் கீழ் கோடு போட்டு, "இது யாருடைய சொல்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். மாடி அலுவலகத்தின் கடிதத்திலிருந்து நான் கடத்தி வந்த சொல் அது! அடித்துவிட்டேன்.

பிறகு வரலாற்றுத் துறை நண்பன் ஒருவனிடம் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "சூப்பர்டா" என்பதோடு முடிந்துவிடும் என்று தெரியும். அதனால் "எந்த இடத்துல உனக்குப் புரியலை?" என்று கேட்டேன். "காயில காம்பு இல்லைன்னா என்னடா குடி முழுகிப் போச்சு?" என்றான். அது மிக நல்ல கேள்வி. நம் துறைக்காரர் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு செடியை மற்றதாக எண்ணி மருந்துக்கோ ஆய்வுக்கோ எடுத்துவிட்டால் அதன் பிறகு சொல்லும் எல்லாமே தவறாகிவிடும் என்று இரண்டு வரி சேர்த்தேன். துறை அறிந்தவர் ஒருவர், அறியாதவர் ஒருவர் என்று இரு வகை வாசகரிடமும் காட்டுவது நல்லது என்பது என் அனுபவம். அதற்கு மேல் ஐந்தாறு பேரிடம் காட்டினால் கடிதம் பஞ்சாயத்து ஆகிவிடும்.

கால அவகாசத்தைப் பற்றி ஒரு சொல். பேராசிரியர்களுக்கு வகுப்பு உண்டு, விடைத்தாள் உண்டு, வீடு உண்டு. நாளை கடைசி நாள் என்று இன்று மாலை போய் நின்றால், அவர்கள் அன்பினால் தாங்களே எழுதித் தந்துவிடும் ஆபத்து உண்டு. நான் மூன்று வாரம் முன்னதாகப் போனேன். பல்கலைக்கழகம் கேட்டிருந்த கேள்வியையும் கடிதத்தோடு சேர்த்தே கொடுத்தேன். கேள்வி தெரியாமல் விடையைத் திருத்துவது எப்படி?

ஆறாயிரம் ரூபாய் திரும்பி வரவில்லை. வேலை முடித்துக் கொடுத்தாகிவிட்டது என்று கூறிவிட்டார்கள். அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "சரி விடு, மாடு இன்னும் கறக்குது" என்றார். வேதியியல் நண்பனும் பழைய கடிதத்தைக் கைவிட்டுப் புதிதாக எழுதினான். அவனுடைய தாத்தா மெய்யாகவே காலமானவர், ஆனால் முதுமையால். அவரை இனித் தொந்தரவு செய்யப் போவதில்லை என்றான்.

அனுப்புவதற்கு முந்தின இரவு, கடிதத்தைத் தமிழில் அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். செங்கீழாநெல்லியைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று நான் எழுதியிருந்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தூக்கி எறிவனா? ஆரு சொன்னது? அது தனியாக் கட்டி வெப்பேன் கண்ணு. அதையும் கேட்டு வாரவங்க இருக்காங்க."

இத்தனை ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் தவறாகவே நினைத்திருக்கிறேன். விளக்கைப் போட்டு அந்த வரியைத் திருத்தினேன். ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பம் போயிற்று. இம்மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை முடிவு வரவில்லை.

ஏழு படிகளும், மாடி அலுவலகம் தந்த கடிதமும் சேர்த்து ஒரு பச்சைக் கோப்பில் எங்கள் துறை நூலகத்தில், தாவர மாதிரித் தாள்கள் இருக்கும் அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க விரும்பும் தம்பி தங்கைகள் எந்தத் துறையினராயினும் எடுத்துப் பார்க்கலாம். திருத்தங்கள் எவை, யார் செய்தவை என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். படி எடுக்க வேண்டாம். என் அம்மாயி ஒருவர்தான் இருக்கிறார்.